நான் சொல்லிவைத்த கருங்காலி

யுத்தம் முடிந்த சமயம். மயிலாப்பூரில் ஓர் அச்சகத்தில் நான் கம்பாஸிட்டர். ஞாயிற்றுக்கிழமை வேலைக்கு வராமல் மாதா கோயில் பூசைக்குப் போனார் என்று எங்கள் சாந்தோம் பைண்டரை மானேஜர் நீக்கிவிட்டார். அவரைத் திரும்பச் சேர்க்கும்வரை உள்ளே போவதில்லை என்று நாங்கள் எல்லோரும் வாசலில் உட்கார்ந்தோம். மானேஜர் கேட்டைப் பூட்டிக்கொண்டு மாடியேறியவர், நாலு நாளாக முகமே காட்டவில்லை.

கோஷம் போடுவது என் பொறுப்பு. "கருங்காலிகள் ஒழிக!" என்று நான் கத்தினால் தெருநாய்கள்தான் முதலில் பதில் கொடுக்கும். எங்கள் வேலையைச் செய்ய மானேஜர் வெளியாட்களைப் பிடித்துவரச் சொல்லியிருக்கிறார் என்று வதந்தி வேறு.

இதற்கு நடுவில் வீட்டு உலக்கை பிளந்துபோயிற்று.

"இந்தத் தடவை கருங்காலியிலே வாங்குங்க. உங்களை மாதிரி ரெண்டு இடி தாங்காததா வாங்கிட்டு வராதீங்க" என்றாள் மனைவி.

ராயப்பேட்டை மரக்கடை பாயிடம் சொல்லிவைத்தேன். அச்சக வாசலுக்கே கொண்டுவரச் சொன்ன மகா புத்திசாலியும் நானேதான்.

ஐந்தாம் நாள் காலை, தெருமுனையிலிருந்தே பாயின் குரல்.

"யோவ், கருங்காலி கேட்டது யாருப்பா? வந்துகீது! அந்தக் கண்ணாடிக்காரரு எங்கே?"

கூட்டத்தில் கண்ணாடி போட்டவன் நான் ஒருவன்தான். நாற்பது ஜோடிக் கண்கள் என்மேல்.

"அடப்பாவி, நீதானாடா?" என்று மெஷின்மேன் என் சட்டையைப் பிடித்தார். உலக்கை என்று சொல்லப் பார்த்தேன். கோஷம் போட்டே தொண்டை போயிருந்தது.

அப்போது கேட் திறந்தது. சாவியும் கையுமாக மானேஜர், முகமெல்லாம் சிரிப்பு.

"நான் சொன்ன ஆளெல்லாம் வந்துட்டாளா? சீக்கிரம் உள்ளே வரச்சொல்லுங்கோ!"

மெஷின்மேனின் கை என் சட்டையிலிருந்து நழுவியது. ஆள் பிடித்தது யார் என்று எல்லோருக்கும் புரிந்துவிட்டது.

"வந்துட்டேன் சார்" என்றபடி எங்களோடு உட்கார்ந்திருந்த பைண்டர் உள்ளே போய்த் தம் இடத்தில் உட்கார்ந்தார். அவர் பின்னாலேயே நாங்கள் அனைவரும். பாய் என் கையில் உலக்கையைத் திணித்துவிட்டுப் போனார். எங்கே வைப்பதென்று தெரியாமல் அதைப் பிடித்துக்கொண்டு மானேஜர் எதிரில் நின்றேன். அவர் உலக்கையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், காகிதம் கொண்டுவரச் சொன்னார். பைண்டருக்கு மறுபடி வேலை என்று எழுதிக் கையெழுத்தும் போட்டார்.

சாயங்காலம் பைண்டரும் மெஷின்மேனும் என்னைத் தோளில் தூக்கிக்கொண்டார்கள். கையில் உலக்கை. மாட வீதி முழுக்க ஒரே கோஷம்:

"கருங்காலி வாழ்க!"

எங்கள் வீட்டு வாசலில் நின்ற மனைவி கேட்டாள்: "வாழ்கன்னு சொல்றது உங்களையா, உலக்கையையா?"

"உலக்கையைத்தான்" என்றேன். தோளிலிருந்து மட்டும் இறங்கவில்லை.