விசாரணைக்கு முந்தைய சனிக்கிழமை

தென் கரோலினாவின் டில்மோர் ஊரில், தேவாலயத்துக்கு எதிரே இருந்தது ஒஃபீலியா கில்யார்டின் முடி அலங்காரக் கடை. இரும்புச் சீப்பை அடுப்பில் சூடாக்கி, எண்ணெய் தடவிய சுருள்முடியில் இழுத்து நேராக்கும்போது எழும் கருகல் வாசனை இன்று எங்கிருந்து வந்தாலும் அவளுக்கு ஐம்பதுகளின் தொடக்கம்தான் நினைவுக்கு வரும். அப்போது அவளுக்கு முப்பதுகூட ஆகவில்லை. வாயும் சும்மா இருக்காது.

மகள் லொரீன் படித்த கறுப்புப் பிள்ளைகளின் பள்ளி ஆற்றுக்கு அந்தப் பக்கம். மரச்சுவர், ஒழுகும் கூரை, நடந்துதான் போக வேண்டும். வெள்ளைப் பிள்ளைகளுக்குச் செங்கல் கட்டடமும் பேருந்தும். அந்தப் பேருந்து மழைநாளில் லொரீன்மேல் சேற்றை வாரி இறைத்துவிட்டுப் போகும்.

தங்கள் பிள்ளைகளுக்கும் பேருந்து கேட்கப் பெற்றோர் தேவாலயத்தில் கூடினார்கள். நகரத்திலிருந்து வந்திருந்த கறுப்பின வக்கீல் ஒளிக்காமல் பேசினார். "பேருந்து கேட்டா பேருந்து மட்டும்தான் கிடைக்கும். பிள்ளைங்களை நிறம் பார்த்துப் பிரிக்கிறதே தப்புன்னு வழக்குப் போடலாம். ஆனா பேரைக் கொடுக்கிறவங்களுக்கு வேலை போகும்."

முதலில் ஒஃபீலியா எழுந்தாள்.

"என் பேரை எழுதிக்குங்க சார். என்னை யாரு வேலையை விட்டுத் தூக்குவா? வெள்ளைக்காரி ஒருத்தியும் எங்கிட்ட தலை சீவ வர்றதில்லையே!"

கூட்டம் சிரித்தது. சிரித்த சூட்டிலேயே இன்னும் சிலர் எழுந்தார்கள்.

அவளை வேலையை விட்டுத் தூக்க முடியாத வெள்ளைக்காரர்கள் அவள் கணவன் லெமுவேலைத் தூக்கினார்கள். மர ஆலையிலிருந்து மதியமே, திறக்காத சாப்பாட்டு டப்பாவோடு வீடு வந்தான்.

"எம்மேல கோவமா?" என்று கேட்டாள் ஒஃபீலியா.

"கோவம்தான். என்னை ஒரு வார்த்தை கேக்கலையேன்னு. ஆனா நீ எழுந்திருக்காம இருந்திருந்தா இன்னும் கோவம் வந்திருக்கும். சோளரொட்டி இருக்கா?"

அதன்பிறகு அவன் ஆற்றில் மீன் பிடித்து விற்றான். ஊர்க் கடைக்காரர் அவர்களுக்கு மாவு தர மறுத்தார். முட்டையும் கீரையும் யார் வைத்தது என்று தெரியாமல் பின்வாசலில் வந்து உட்கார்ந்திருக்கும்.

விசாரணை ஒரு திங்கட்கிழமை. சாட்சி சொல்லவிருந்த தாய்மார்கள் எல்லோரும் சனிக்கிழமை அவள் கடையில் குவிந்துவிட்டார்கள். அன்று யாரிடமும் கூலி வாங்கவில்லை. ஒருத்தி பாட, ஒருத்தி வேர்க்கடலை அவிக்க, கடையே கல்யாண வீடாகிவிட்டது. வெள்ளைக்காரர் வீட்டில் சமையல் செய்யும் டெல்ஃபின் மட்டும் வேர்க்கடலையைத் தொடவே இல்லை.

"அந்தப் பக்கத்து வக்கீல் மொறைச்சா எனக்கு எல்லாம் மறந்துடும் ஒஃபீலியா."

"மறந்தா மறக்கட்டும். தலையை மட்டும் குனியாதே. இவ்வளவு பாடுபட்டுச் சீவியிருக்கேன், கெடுத்து வைக்காதே!"

திங்கட்கிழமை எந்தத் தலையும் குனியவில்லை. எதிர்த்தரப்பு வக்கீல் ஒஃபீலியாவிடம், "உனக்கு இதையெல்லாம் யார் சொல்லிக்கொடுத்தா?" என்று கேட்டார்.

"உங்க பேருந்துதாங்க. மழைக்காலம் முழுக்க எம்பொண்ணு கவுனைத் துவைக்க வச்சுதே."

பின்வரிசையில் எழுந்த சிரிப்பை அடக்க நீதிபதி சுத்தியலைத் தட்ட வேண்டியிருந்தது.

அந்த நீதிமன்றத்தில் தோற்றார்கள். மேல் நீதிமன்றத்தில் வென்றார்கள். வென்றும் டில்மோரில் கதவு திறக்கவில்லை; ஆண்டுகள் இழுத்தடித்தார்கள். லொரீன் பழைய பள்ளியிலேயே படிப்பை முடித்துச் செவிலியாகப் போய்விட்டாள். கடைசியில் செங்கல் பள்ளிக்குள் நுழைந்தது இளைய மகள் ஜூனி. முதல்நாள் அவள் பேருந்தில் ஏறியபோது லெமுவேல் அது திரும்பி மறையும்வரை தொப்பியைக் கையில் பிடித்தபடி நின்றான்.

அதே வருடம் லொரீன் படித்த ஆற்றோரப் பள்ளியை மூடினார்கள். அதன் ஆசிரியைகளுக்குப் புதிய பள்ளியில் இடம் தரவில்லை. பாட்டுக் கற்றுக்கொடுத்து, பசித்த பிள்ளைக்குத் தன் ரொட்டியைப் பிய்த்துக் கொடுத்த மிஸ் யூபேங்க்ஸ் வடக்கே எங்கோ போய்விட்டார். ஒஃபீலியா இதை எதிர்பார்க்கவே இல்லை.

இப்போதும் ஆகஸ்டில் பழைய மாணவர்கள் அந்த ஆற்றங்கரையில் கூடி, மீன் பொரித்து, மிஸ் யூபேங்க்ஸின் பாட்டுகளைப் பாடுவார்கள். போன வருடம் லொரீன் கேட்டாள்:

"அம்மா, திரும்பவும் அப்படி ஒரு கூட்டம் போட்டா பேரைக் கொடுப்பியா?"

"உடனே கொடுப்பேன். ஆனா இந்தத் தடவை, எங்க டீச்சருங்களும் கூட வரணும்னு சேத்து எழுதச் சொல்லுவேன்."