பூஜ்யத்தில் நின்ற முள்

என் அண்ணன் முட்டை இன்ஸ்பெக்டராக இருபத்தாறு வருஷம் வேலை பார்த்தார். இருபத்தேழாவது வருஷம் அவருடைய அடையாள அட்டையை வாங்கி வைத்துக்கொண்டு, பழைய ஃபைல்களுக்கு நடுவில் ஒரு நாற்காலியைக் காட்டினார்கள். சோதித்துப் பார்க்காத ஒன்றைப் பார்த்ததாகக் கையெழுத்துப் போட்டாராம். அவர் பார்த்தார். அவர் பார்த்ததை நான் பார்த்தேன். என்னைக் கேட்டபோது நான் சொல்லவில்லை. பதினோரு வருஷம் சொல்லவில்லை. என்னைத் திட்ட வேண்டும் என்று தோன்றினால் இப்போதே ஆரம்பிக்கலாம், நான் தினமும் அதைத்தான் செய்துகொண்டிருக்கிறேன்.

அண்ணனுக்குக் கண் பெரிசு. சந்தையில் அவருக்கு முட்டைக்கண்ணர் என்று பெயர் வைத்திருந்தார்கள். முதுகுக்குப் பின்னால்தான் சொல்வார்கள், ஆனாலும் அவருக்குத் தெரியும். "அவங்க சொல்றதுல என்ன தப்பு? கண்ணாடி பார்த்தா எனக்கே பக்குனுதான் இருக்கு" என்பார். மனுஷன் அப்படி ஒரு கறார். எந்த முட்டைக் கிடங்குக்குப் போனாலும் ஒரு வாய் தண்ணீர் வாங்கிக் குடிக்கமாட்டார், கையோடு பாட்டில் கொண்டுபோவார். அன்பளிப்பு வாங்கக்கூடாது என்றுதான் சட்டம். தண்ணீரைப் பற்றி அதில் ஒன்றும் இல்லை. கேட்டால், "இன்னைக்குத் தண்ணி, நாளைக்கு டீ, அடுத்த வாரம் வீட்டுக்கு ஒரு தட்டு முட்டை. எங்கேன்னு போய் நிறுத்துறது?" என்பார்.

வீட்டிலும் விடமாட்டார். அண்ணி முட்டையைக் குழாய்த் தண்ணீரில் கழுவிவிட்டால் போதும், ஆரம்பித்துவிடுவார். "பச்சைத் தண்ணி பட்டா உள்ளே இருக்கிறது சுருங்கும், ஓட்டு மேல இருக்கிற அழுக்கை உள்ளே இழுத்துக்கும். கழுவுற தண்ணி முட்டையை விடச் சூடா இருக்கணும்னு சட்டத்துலயே போட்டிருக்கு."

"அப்போ அந்தச் சட்டத்தையே வந்து சமைக்கச் சொல்லுங்க" என்பார் அண்ணி.

என் வீட்டுக்காரர் வேலை பார்த்த மில்லை மூடியபோது நான் ஒரு முட்டைக் கம்பெனியில் தரம் பிரிக்கப் போனேன். அதற்கு உரிமம் வேண்டும், பரீட்சை எழுதித்தான் வாங்க வேண்டும். அண்ணன் எனக்கு ஒரு கேள்விக்குக்கூட விடை சொல்லித்தரவில்லை. "நான் சொல்லிக் குடுத்து நீ பாஸ் பண்ணா, ஊர்ல என்ன பேசுவாங்க?" நான் பாஸ் ஆன அன்றைக்கு மட்டும் தெருவே திரும்பிப் பார்க்கிற மாதிரி சிரித்தார்.

வேலை என்ன, இருட்டு அறையில் விளக்குப் பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்து முட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பதுதான். வெளிச்சத்தில் முட்டையின் உள்பக்கம் தெரியும். அகலமான முனையில் இருக்கும் காற்று இடம் சின்னதாக இருந்தால் புதுசு, முதல் தரம். பெரிதாகிவிட்டால் இரண்டாம் தரம். ரத்தப் பொட்டு தெரிந்தால் கழிவு. மயிரிழை விரிசல் இருந்தால் தனித் தட்டு. பிரித்ததைப் பெட்டியில் அடுக்கி, தேதி முத்திரை குத்தி, குளிர் அறையில் வைப்பார்கள். அந்த அறை ஏழு டிகிரிக்கு மேல் போகக்கூடாது. போனால் அங்கே இருக்கிற ஒரு முட்டையும் கடைக்குப் போகாது. உடைத்துக் காய்ச்சுகிற ஆலைக்குத்தான் போகும்.

நான் வேலை பார்த்த இடத்துக்கு அண்ணன் சோதனைக்கு வரவே மாட்டார். அங்கே வருவது வேறு இன்ஸ்பெக்டர். ஒரு நாள் அவருக்குக் காய்ச்சல் என்று அண்ணனை அனுப்பிவிட்டார்கள். "என் தங்கச்சி அங்கே இருக்கா, வேற ஆளை அனுப்புங்க" என்று அண்ணன் சொல்லிப் பார்த்திருக்கிறார். "தங்கச்சி முதலாளி இல்லையே, போயிட்டு வாங்க" என்றுவிட்டார்கள்.

காலையில் வந்ததும் முதல் வேலையாக என்னிடம் ஐஸ் கேட்டார். அவருடைய தெர்மாமீட்டர் வட்ட முகமும் முள்ளும் நீளமான கம்பியுமாக, ஒரு சின்னக் கடிகாரத்தைக் குச்சியில் குத்தி வைத்தது போல இருக்கும். அதைத் தினமும் ஐஸ் தண்ணீரில் வைத்து, முள் பூஜ்யத்தில் நிற்கிறதா என்று பார்த்து, தாளில் கையெழுத்துப் போட்ட பிறகுதான் வேலையைத் தொடங்க வேண்டும். அதுவும் சட்டம்தான். நான் ஒரு டம்ளரில் ஐஸை உடைத்துப் போட்டுத் தண்ணீர் ஊற்றிக் கொண்டுபோய்க் கொடுத்தேன். கம்பியை அதில் நிறுத்தினார். இரண்டு பேரும் குனிந்து பார்த்தோம். முள் இறங்கி இறங்கிப் பூஜ்யத்தில் வந்து நின்றது.

"பார்த்தியா? ஆடாம அசையாம நிக்குது" என்றார், ஏதோ அவரே பெற்ற பிள்ளை பரிசு வாங்கியது போல. கையெழுத்துப் போட்டார். அறையில் வேறு யாரும் இல்லை.

மதியம் வரை விளக்குப் பெட்டிக்குப் பக்கத்தில் நின்று நூறு முட்டைகளை எடுத்துச் சோதித்தார். என் தட்டில் ஒரு விரிசல் முட்டையைக் கண்டுபிடித்து, "தூங்கிட்டியா?" என்று வேறு கேட்டார். அண்ணி அப்போது தன் அம்மா வீட்டுக்குப் போயிருந்தார். அண்ணன் காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை என்பது முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. என் சாப்பாட்டு டப்பாவை நீட்டினேன். "எடுத்துட்டுப் போ அந்தப் பக்கம்" என்று ஒரே அதட்டு. பையை என் மேஜை மேல் வைத்துவிட்டுக் கை கழுவப் போனார்.

எனக்கு ஒரு குறும்பு. டப்பாவைப் பைக்குள் போட்டுவிடலாம், சாயந்தரம் வழியில் பார்த்தால் திட்டிக்கொண்டே சாப்பிடுவார் என்று நினைத்தேன். பையைத் திறந்து டப்பாவைத் திணித்தேன். உறையில் சரியாக மாட்டாமல் இருந்த தெர்மாமீட்டர் சரிந்து, தலைகீழாக சிமெண்ட் தரையில் விழுந்தது. எடுத்துப் பார்த்தேன். கண்ணாடி உடையவில்லை. முள்ளும் இருந்தது. அவசரமாக உறைக்குள் போட்டுப் பையில் வைத்தேன். என்ன நினைத்தேனோ, டப்பாவையும் வெளியே எடுத்துக்கொண்டேன். அதற்குள் அவருடைய செருப்புச் சத்தம் கேட்டது.

அப்போது சொல்லியிருந்தால் என்ன? இன்னொரு டம்ளர் ஐஸ், இரண்டு நிமிஷம், இரண்டு திட்டு. அவ்வளவுதான். பாழாய்ப்போன வாய், வேண்டாத நேரத்தில் எல்லாம் ஓயாமல் பேசும், அன்றைக்கு ஒட்டிக்கொண்டது. இன்ஸ்பெக்டரின் கருவியை மற்றவர்கள் தொடக்கூடாது, தொட்டால் உரிமம் போகும் என்று பரீட்சைக்குப் படித்திருக்கிறேன். அண்ணன் என்னை விடமாட்டார், மேலிடத்துக்கு எழுதிக் கொடுத்துவிடுவார் என்று நினைத்தேன். வீட்டில் ஒருவர் வேலையில்லாமல் உட்கார்ந்திருந்தார். என் உரிமத்தில்தான் அடுப்பு எரிந்துகொண்டிருந்தது.

மூன்று மணிக்குக் குளிர் அறையில் கம்பியை வைத்தார். ஒன்பது டிகிரி. முதலாளி பதறிப்போய்ச் சுவரில் தொங்குகிற தெர்மாமீட்டரைக் காட்டினார். அதில் ஆறு.

"ஐயா, இன்னொரு தடவை உங்களோடதை ஐஸ்ல வச்சுப் பார்த்துடுங்களேன்" என்றார் முதலாளி.

"காலையில பார்த்தாச்சு, கையெழுத்தும் போட்டாச்சு. சுவத்துல தொங்குறதை நீங்க கடைசியா எப்போ சோதிச்சீங்க?" என்றார் அண்ணன்.

நான் பத்தடி தூரத்தில் நின்றுகொண்டிருந்தேன். அண்ணன் குளிர் அறைக் கதவில் சிவப்புச் சீட்டைக் கட்டினார். அன்றைய முட்டை முழுவதும் உடைக்கிற ஆலைக்குப் போனது.

முதலாளி சும்மா இருப்பாரா? மேலிடத்துக்குப் புகார் போனது. மறுநாளே பெரிய அதிகாரி ஒருவர் வந்து அண்ணனின் தெர்மாமீட்டரை வாங்கி ஐஸில் வைத்தார். முள் மூன்றில் நின்றது. விழுந்ததில் அது மூன்று டிகிரி நகர்ந்திருந்தது. அண்ணன் அதை வெறித்துப் பார்த்துக்கொண்டே இருந்தார். முந்தின நாள் தாளில் அவருடைய கையெழுத்து இருந்தது, பூஜ்யம் என்று.

விசாரணையில் என்னையும் கூப்பிட்டார்கள். நீளமான மேஜை, மூன்று பேர். அண்ணன் ஓரத்தில் உட்கார்ந்து என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் முகத்தில் பயமே இல்லை. இவள் வந்துவிட்டாள், இனி எல்லாம் சரியாகிவிடும் என்கிற முகம் அது.

"ஐஸ் கொண்டுவந்து குடுத்தது நீங்கதானே?"

"ஆமா சார்."

"இவர் அதுல வச்சுப் பார்த்தாரா?"

காலையில் பூஜ்யம், மறுநாள் மூன்று என்றால், நடுவில் என்ன நடந்தது என்று கேட்பார்கள். பை யாருடைய மேஜையில் இருந்தது என்று கேட்பார்கள். எனக்கு அது மட்டும்தான் ஓடியது.

"நான் கவனிக்கலை சார். ஐஸைக் குடுத்துட்டு வந்துட்டேன்."

அண்ணன் தலையைக் குனிந்துகொண்டார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்தார். என்மேல் எரிந்து விழுவார் என்று பார்த்தேன். நாற்காலியின் நுனியில் உட்கார்ந்துகொண்டு, மெதுவாகக் கேட்டார்.

"நீயும் நானும் சேர்ந்து குனிஞ்சு பார்த்த மாதிரி எனக்கு ஞாபகம். பார்க்கலையா?"

"இல்லைண்ணே. அது வேற எங்கேயாவது, வேற யார் கூடவாவது இருக்கும்."

"இருக்கும். தினமும் செய்யறது, எந்த நாள்னு மனசு குழப்பிக்குது. அன்னைக்குப் பழக்க தோஷத்துல கையெழுத்தை மட்டும் போட்டுட்டேன் போல. நீ எதுக்குப் பொய் சொல்லப் போறே?"

அப்படியே எழுதிக் கொடுத்துவிட்டார். சோதிக்காமல் கையெழுத்துப் போட்டேன், தவறு என்னுடையது என்று. கெஞ்சவில்லை, சிபாரிசுக்கு யாரையும் பிடிக்கவில்லை. ஃபைல் அறையில் எட்டு வருஷம் உட்கார்ந்துவிட்டு ஓய்வு பெற்றார். நான் என் உரிமத்தைப் புதுப்பித்துக்கொண்டே இருந்தேன். என் வீட்டுக்காரருக்கும் இரண்டு வருஷத்தில் வேறு வேலை கிடைத்தது. அப்போதாவது சொல்லியிருக்கலாம் இல்லையா? ஒவ்வொரு தடவையும், இனிமேல் சொல்லி என்ன ஆகப்போகிறது என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். வெட்கங்கெட்ட சமாதானம்.

போன மாதம் அவரைப் பார்க்கப் போயிருந்தேன். அண்ணன் வாசல் கதவைப் பூட்டிவிட்டு வந்து உட்கார்ந்தார். உடனே எழுந்துபோய் இழுத்துப் பார்த்தார். மறுபடியும் போனார். நான் எண்ணினேன், ஐந்து தடவை. பிறகு அடுப்புக்குப் போய் காஸ் குழாயைத் தொட்டுப் பார்த்துவிட்டு வந்து, "மூடியிருக்குல்ல?" என்று என்னைக் கேட்டார்.

சமையலறையில் அண்ணி என் கையில் ஒரு மருந்துச் சீட்டைக் கொடுத்தார். "பாரும்மா, ஞாபகத்துக்கு மாத்திரையாம். டாக்டர் எத்தனை நாளா இப்படின்னு கேட்டார். ரெண்டு மூணு மாசம்னு சொல்லலாம்னு நான் வாயைத் திறக்கறதுக்குள்ள, இவரு பதினோரு வருஷம்னுட்டார். ஐஸ்ல வைக்காமலே வச்சேன்னு நினைச்சேன், அன்னைக்கே மூளை கெட்டுப்போச்சு, அதுக்கப்புறம் நான் பார்த்த எதையும் நான் நம்புறதில்லைன்னு சொல்றார். இப்படி ஒரு மனுஷன் சொல்லுவாரா?"

சீட்டில் டாக்டர் அப்படியே எழுதியிருந்தார். பதினோரு வருடங்களாக.

வேலை போனது, மரியாதை போனது, அதெல்லாம் எனக்குத் தெரியும். இது தெரியாது. நான் அவருடைய கண்ணையே பிடுங்கியிருக்கிறேன் என்று அந்தச் சீட்டைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். முன்னறைக்குப் போய் அவருக்கு எதிரே தரையில் உட்கார்ந்தேன்.

"அண்ணே, நீ அன்னைக்கு ஐஸ்ல வச்சே. நான் பக்கத்துல நின்னேன். பூஜ்யத்துலதான் நின்னுச்சு. மத்தியானம் உன் பைக்குள்ள சாப்பாட்டு டப்பாவை வைக்கப் போய் நான்தான் அதைக் கீழே போட்டேன்."

அந்தப் பெரிய கண் இரண்டும் என் மேலேயே இருந்தன. அடிக்கட்டும் என்று உட்கார்ந்திருந்தேன்.

"அப்போ நான் வச்சிருந்தேனா?" என்றார்.

"வச்சிருந்தே, அண்ணே."

"பார்த்தேனா?"

"பார்த்தே. ஆடாம அசையாம நிக்குதுன்னு எங்கிட்ட சொன்னே."

"சொன்னேன்" என்றார். "ஆமா, சொன்னேன். அப்படித்தான் சொன்னேன்." உள்பக்கம் திரும்பி, சின்னப் பிள்ளை மார்க் சொல்கிற மாதிரி சத்தம் போட்டார். "இங்கே வாயேன், நான் அன்னைக்கு வச்சிருந்தேனாம்! இவ பார்த்திருக்கா!"

அண்ணி ஈரக் கையோடு வந்து நின்றார். அண்ணனைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். புரிந்துகொண்டார் போலிருந்தது. அதற்கு மேல் என்னால் தாங்க முடியவில்லை.

"நீ என்னைப் பத்தி எழுதிக் குடுத்துடுவேன்னு பயந்துட்டேண்ணே. தங்கச்சின்னுகூடப் பார்க்கமாட்டேன்னு நினைச்சேன். லைசென்ஸ் போயிருந்தா நாங்க என்ன பண்ணியிருப்போம், நீயே சொல்லு."

"எழுதித்தான் குடுத்திருப்பேன்" என்றார் அண்ணன். குரலில் கோபம் இல்லை, விதியைப் படித்துக் காட்டுகிறவர் மாதிரிதான் சொன்னார். "கருவியைத் தொட்டதுக்கு ஆறு மாசம். லைசென்ஸைப் பிடிச்சு வச்சிருப்பாங்க. அந்த ஆறு மாசமும் உன் வீட்டுக்கு அரிசி நான் வாங்கிப் போட்டிருப்பேனே, பைத்தியமே."