பொன்னழகு நாச்சியாவை அரபியில் அடித்த கதை

போன வாரம் இங்கே வளைகுடாவில், தேராவில் ஒரு டீக்கடை வாசலில் நின்றபடியே என் ரெஸிடென்ஸி விசாவைப் புதுப்பித்துவிட்டேன். மிகைப்படுத்தவில்லை. மெடிக்கல் முந்தின நாளே முடிந்திருந்தது. கரக் டீயை வாங்கிக் காரின் கூரைமேல் வைத்துவிட்டு, கைப்பேசியில் நாலைந்து இடத்தில் தட்டினேன். முகத்தைக் காட்டச் சொன்னது, காட்டினேன். எல்லாம் முடிந்து கோப்பையைக் கையில் எடுத்தபோது டீ இன்னும் குடிக்கிற சூட்டில்தான் இருந்தது. எனக்கே கொஞ்சம் ஏமாற்றமாக இருந்ததென்றால் நீங்கள் நம்ப வேண்டும். கல்யாண வீட்டுக்குப் போனவனை வாசலிலேயே பொட்டலம் கொடுத்து அனுப்பிவிட்ட மாதிரி.

பக்கத்துக் கடையில் ஜெராக்ஸ் மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. சூடான தாளும் கருப்புப் பொடியும் கலந்த அந்த வாசனை இருக்கிறதே, அது மூக்கில் ஏறினால் நான் இருபத்து மூன்று வயதுக்காரனாகிவிடுவேன். சேகு காக்காவின் டைப்பிங் சென்டர் அப்படியே கண்ணுக்கு முன்னால் வந்து நிற்கும். மசாலாச் சந்தைக்குப் பின்னால், இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் சுவரோடு ஒட்டிக்கொள்ள வேண்டிய சந்தில் அந்தக் கடை. விசா, லேபர் கார்டு என்று அரசாங்கத்துக்குக் கொடுக்க வேண்டிய விண்ணப்பங்களையெல்லாம் அரபியில் அடித்துக் கொடுப்பதுதான் அங்கே பிழைப்பு. வெளியே ஏலக்காய், லவங்க வாசனை. உள்ளே ஜெராக்ஸ் சூடு. நடுவில் சேகு காக்கா போட்டிருக்கும் அத்தர், ஊரில் பெருநாளைக்குக்கூட யாரும் அவ்வளவு போட மாட்டார்கள்.

நான் விசிட் விசாவில் வந்திருந்தேன். வேலை தேடி ஏறாத படி இல்லை. ஊரில் நிக்காஹ் பேசி வைத்திருந்தார்கள். பெண் வீட்டில் ஒரே ஒரு நிபந்தனை, விசா அடித்த பிறகுதான் தேதி. அந்தக் காலத்தில் எங்கள் கடற்கரை ஊர்களில் நலம் விசாரிப்பே "விசா அடிச்சாச்சா?" என்பதுதான். சாப்பாடு, தூக்கமெல்லாம் அப்புறம். பாஸ்போர்ட்டின் ஒரு பக்கம் முழுக்க ஒட்டித் தரும் அந்த ஸ்டிக்கர் இல்லாதவன் மாப்பிள்ளைக் கணக்கிலேயே வர மாட்டான். என் விசிட் முடிய மூன்று வாரம்கூட இல்லை. முடிந்தால் நேராக ஊர். ஊரில் மாமாவின் அரிசி மண்டியில் மூட்டை எண்ணுகிற வேலை எனக்காகக் காத்திருந்தது. பெண் காத்திருக்க மாட்டாள்.

சேகு காக்காவுக்கு அரபி டைப் தெரிந்த ஆள் தேவைப்பட்டது. "தெரியும்" என்று சொல்லிவிட்டேன். பொய் இல்லை, முழு உண்மையும் இல்லை. மதரஸாவில் ஓதிய அரபி எனக்குத் தண்ணீர் பட்ட பாடு. போதாததற்கு உம்மா எழுதும் கடிதமெல்லாம் அரபுத் தமிழில்தான் வரும். பாஷை தமிழ், எழுத்து அரபி. அரபியில் இல்லாத நம் ப, ழ, ங எல்லாவற்றுக்கும் கூடக்குறையப் புள்ளி வைத்து எழுத்து உண்டாக்கி வைத்திருந்தார்கள் எங்கள் ஆட்கள். தமிழ்ப் பள்ளிக்கூடம் பக்கமே போகாத உம்மா அதில் பக்கம் பக்கமாக எழுதுவாள், ஆட்டுக்குட்டி காணாமல் போனதிலிருந்து அடுத்த வீட்டுச் சண்டை வரைக்கும்.

சேகு காக்கா என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"செரி, சோதனை வைக்கிறேன். ஒன் விசா விண்ணப்பத்த நீயே அடி. அர்பாப் கையெழுத்துப் போட்டுத் தருவாரு. பாஸாச்சுன்னா வேலை ஒனக்கு. திரும்பி வந்துச்சுன்னா நீயும் திரும்பிப் போ."

அர்பாப் என்றால் எங்கள் கடையின் அரபி முதலாளி. மாதம் ஒருமுறை வந்து காவா குடித்துவிட்டுப் போவார். தங்கமான மனுஷர்.

என் பெயர் அரபிப் பெயர், வாப்பா பெயரும் அப்படித்தான். இரண்டும் வெண்ணெயில் கத்தி போனது போலப் போயின. அடுத்த கட்டம், தாயார் பெயர். விரல் அப்படியே நின்றுவிட்டது. உம்மாவின் பெயர் பொன்னழகு நாச்சியா.

நீங்களே பாருங்கள். அரபியில் ப கிடையாது. நாம் ஒரே ப-வை வைத்துக்கொண்டு பொன் என்றும் சொல்கிறோம், 'வாங்க பாய்' என்று ஆளையும் கூப்பிடுகிறோம். அவர்களுக்கு 'பாய்' என்னும்போது அழுத்தி வருகிற ப மட்டும்தான் உண்டு. ழ-வுக்கு வழியே இல்லை. கு-வுக்குக் கிட்டத்தில் ஏதோ ஒன்று, ச்சி-க்கு இன்னொன்று. மொத்தத்தில் உம்மாவின் பெயரில் உருப்படியாகத் தேறியது 'ன்ன'வும் 'நா'வும் 'யா'வும்தான்.

எட்டிப் பார்த்த சேகு காக்கா சிரித்தார். "பாத்திமான்னு போட்டுட்டுப் போடா. பாதிப் பேரோட உம்மா இங்கே பாத்திமாதான்."

எனக்குச் சுர்ரென்று ஏறியது. பெற்றவளுக்கு நான் எப்படிப் புதுப் பெயர் வைப்பது? அப்போதுதான் எனக்கொரு யோசனை வந்தது. கம்ப்யூட்டரை ஃபார்ஸி என்னும் பாரசீகக் கீபோர்டுக்கு மாற்றினால் பே என்று ஒரு எழுத்து இருக்கிறது, நம் பொன்னுக்கு அச்சாகப் பொருந்தும். தேடிப் பிடித்து அடித்தேன். உம்மா எழுதுகிற எழுத்து இதுவல்லதான், ஆனால் சத்தம் அதுவே. ழ-வுக்கும் இதே மாதிரி எங்கிருந்தோ ஒரு எழுத்தைக் கொண்டுவந்து உட்கார வைத்தேன். உலகத்தில் வேறு எந்த டைப்பிஸ்டுக்கும் இந்தப் புத்தி போயிருக்காது என்று பெருமை வேறு.

நாலாம் நாள் விண்ணப்பம் திரும்பி வந்தது. பெயரில் ஏற்க முடியாத எழுத்து.

சேகு காக்கா அதை என் பக்கம் தள்ளிவிட்டு, இன்னும் ஒரே ஒரு தடவை என்று விரலைக் காட்டினார். நான் விண்ணப்பத்தைத் தூக்கிக்கொண்டு நேராக இமிக்ரேஷன் போய் வரிசையில் நின்றேன். கவுண்டரில் அபாயா அணிந்த இளம்பெண், என்னைவிட வயது குறைவாகத்தான் இருக்கும். நான் தொண்டையைச் செருமிக்கொண்டு, மதரஸா அரபியில், "யா உக்தீ", என் சகோதரியே என்று ஆரம்பித்து, பள்ளிவாசலில் ஜும்ஆ குத்பாப் பிரசங்கம் ஓதுகிற தோரணையில் என் நியாயத்தை எடுத்து வைத்தேன். அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பிறகு சுத்தமான இந்தியில், என்ன ஆச்சு என்று கேட்டாள்.

"க்யா ஹுவா, பாய்?"

நான் அரபி பேச, அரபிப் பெண் இந்தி பேச, எனக்குத் தெரிந்த அரைகுறை இந்தியில் விளக்கினேன். என் உம்மா இப்படித்தான் எழுதுவாள் என்று ஒரு தாளில் பேனாவால் அரபுத் தமிழில் எழுதியே காட்டினேன். தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். எழுத்தெல்லாம் தெரிந்த எழுத்து, வார்த்தை மட்டும் பிடிபடவில்லை. அர்த்தம் என்ன என்று கேட்டாள். தங்கம், அழகு என்று அரபியில் சொன்னேன். "மாஷா அல்லாஹ்" என்றாள். ஆனால் முடியாதென்று தலையை ஆட்டிவிட்டாள்.

"சிஸ்டம் மே யே ஹர்ஃப் மாஃபி. பா லிக்கோ, கலாஸ்."

அந்த எழுத்தே சிஸ்டத்தில் இல்லை, அழுத்துகிற பா-வைப் போட்டு முடி என்கிறாள். சொல்லிவிட்டு, அப்படிப் போட்டால் எப்படி வரும் என்று ஒருமுறை உரக்க வாசித்தும் காட்டினாள்: "பூனலகூ நாஷியா." எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. எங்கள் ஊரில் பெண்களின் பெயரை யாரும் சத்தமாகச் சொல்ல மாட்டார்கள். இன்னாருடைய வீட்டுக்காரி, இன்னாருடைய உம்மா, அவ்வளவுதான். உம்மாவின் பெயரை ஒரு ஆள் வாய்விட்டுச் சொல்லி நான் கேட்டது அன்றைக்குத்தான். அதுவும் தப்புத்தப்பாக.

அன்று சாயங்காலம் ஊருக்குப் போன் போட்டேன். உம்மா, இப்படி உங்கள் பெயரைக் கெடுத்துத்தான் அடிக்க வேண்டியிருக்கிறது என்றேன்.

உம்மா சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது. "ஒங்க வாப்பாவே இந்நாள் வரைக்கும் என் பேரச் சொல்லிக் கூப்பிட்டதில்லே. அரபி கூப்பிடப் போறானாக்கும்! எந்த எழுத்துன்னாலும் அடிச்சு விடு வாப்பா. பொண்ணு வீட்டுக்காரவொ காத்துக்கிட்டு இருக்காவொ."

அடித்துவிட்டேன். பா போட்டு, லாம் போட்டு, வாயில் வந்தது எதுவோ அதைப் போட்டு. மூன்றாம் நாள் பாஸ். அதற்குப் பிறகு மெடிக்கல். சட்டையைக் கழற்றிவிட்டுக் குளிர்ந்த எக்ஸ்ரே பலகையில் நெஞ்சை ஒட்டி நிற்கும்போது, வெள்ளைக்காரர், பாகிஸ்தானி, நம்மாள் எல்லோரும் ஒரே மாதிரிக் கூசி நெளிந்தது நல்ல வேடிக்கை. விசிட் முடிய நாலு நாள் இருக்கும்போது பாஸ்போர்ட்டில் ஸ்டிக்கர் ஒட்டி வந்தது. சேகு காக்கா கடையிலிருந்த அத்தனை பேருக்கும் பெப்ஸி வாங்கிக் கொடுத்தார். ஊருக்குப் போன் போட்டு, "விசா அடிச்சாச்சு" என்றேன். இரண்டு அர்த்தத்திலும் அது உண்மை. அடுத்த பெருநாள் கழித்து நிக்காஹ்.

பிறகு எத்தனை ஆயிரம் விண்ணப்பம் அடித்தேனோ, கணக்கில்லை. அதில் எனக்குப் பிரியமானது தாயார் பெயர்க் கட்டம்தான். சைட்டுக்குப் போகிற கொத்தனார், அல் கூஸ் தொழிலாளர் கேம்ப்பில் இருக்கிற வெல்டர், நகைக்கடைப் பையன், யார் வந்தாலும் அந்தக் கட்டத்தில் ஒரு ஊரே வந்து உட்காரும். வெள்ளப்பொண்ணு, பழனியம்மா, செய்யிதம்மாள், பிச்சம்மா. ஒவ்வொன்றுக்கும் விரல் நின்று யோசிக்க வேண்டும். பாத்திமா என்று நான் யாருக்கும் அடித்துத் தள்ளியதில்லை. அந்தக் கட்டத்தில் என்னைவிட நல்ல டைப்பிஸ்ட் தேராவிலேயே கிடையாது, இதை நானே சொல்லிக்கொள்வேன்.

வருஷம் போகப் போக விரலுக்கு வேலை குறைந்தது. ரையான், ஸாரா, ஆதில் என்று பிள்ளைகளுக்கு விசா அடிக்க வருகிறவர்கள் கொண்டுவரும் பெயரெல்லாம் வழுக்கிக்கொண்டு போயின. எனக்கு மகள் பிறந்தபோது நானும் கீபோர்டை மனதில் வைத்துத்தான் பெயர் வைத்தேன், லீனா என்று. அரபியில் நாலே எழுத்து, எங்கும் தடுக்காது. இப்போது சேகு காக்கா இல்லை, அந்தச் சந்தில் வாசனைத் திரவியக் கடை இருக்கிறது. பாஸ்போர்ட்டில் ஒட்டும் ஸ்டிக்கர் நின்றுவிட்டது. மாப்பிள்ளை பார்க்கிற வீட்டில் யாரும் பக்கத்தைப் புரட்டிப் பார்ப்பதில்லை.

உம்மா மவுத்தாகிச் சில வருஷம் ஆகிறது. பேத்திகள் நிறைய, ஒருத்திக்கும் அவள் பெயர் இல்லை. அது இப்போது இருப்பது இந்த நாட்டுச் சர்க்காரின் கம்ப்யூட்டரில், என் விசாவுக்குக் கீழே, பூனலகூ என்று. நான் ஊரோடு போய்விடுவதென்று விசாவைக் கேன்சல் போடுகிற நாளில் அது கடைசியாக ஒருமுறை திரையில் வரும். அதற்குப் பிறகு அதைத் தப்பாக வாசிக்கக்கூட ஆள் இருக்காது.