கோத்து முடிக்காத துப்பாக்கி

ஆர்வின் லாக்கன் என் கடைக்குள் நுழைந்தபோது நான் சிரித்தேன். அந்தச் சிரிப்புக்காக இன்றுவரை என்னையே திட்டிக்கொள்கிறேன்.

சிரித்ததற்குக் காரணம் இருந்தது. விஸ்கான்சினில் எங்கள் பக்கத்துக் குன்றுகளில், நவம்பரில் மான் வேட்டை தொடங்கும் சனிக்கிழமையன்று பாதிரியார்கூடத் துப்பாக்கியோடு மரத்தில் ஏறி உட்கார்ந்திருப்பார். அறுபத்தேழு வயதுவரை துப்பாக்கியைத் தொடாத ஆண்பிள்ளை ஆர்வின் ஒருவர்தான். அவர் மனைவி மாவிஸின் தம்பி பதினேழு வயதில், யாரோ மானுக்கு வைத்த குறியில் செத்துப்போனான். 'இந்த வீட்டுக்குள்ள அந்தச் சனியன் வரக் கூடாது' என்று மாவிஸ் கல்யாணத்துக்கு முன்பே சொல்லிவிட்டாள். அவள் போய் நாலு வருஷம் ஆகியும் அந்தப் பேச்சை அவர் மீறவில்லை.

அதனால் வேட்டை தொடங்கும் நாளில் ஊரே காட்டுக்குள் இருக்க, ஊர் மாடுகளை ஆர்வின் கறப்பார். தன் ஐம்பத்திரண்டு மாடுகளை முடித்துவிட்டு அடுத்த பண்ணை, அதற்கடுத்த பண்ணை. கூலி வாங்க மாட்டார். முந்தின நாள் வந்து இரண்டே கேள்வி கேட்பார்: "எத்தனை மாடு? உதைக்கிறது எது?" எனக்கும் என் வீட்டுக்காரருக்கும் மாடு இருந்த காலத்தில் பதினொரு வருஷம் எங்களுக்கும் கறந்தார். ஒரு வருஷம் அந்த இரண்டாவது கேள்விக்கு என் வீட்டுக்காரர் அசட்டையாகப் பதில் சொல்லப்போய், ஆர்வினுக்கு விலா எலும்பு முறிந்தது. மனிதர் மிச்ச மாடுகளையும் கறந்துவிட்டு, பால் தொட்டியின் மேல் ஒரு சீட்டு எழுதி வைத்துவிட்டுப் போயிருந்தார்: 'கடைசி வரிசையில் மூன்றாவது மாடு உதைக்கிறாள். தெரிந்துகொள்ளுங்கள்.'

அப்படிப்பட்டவர் என் துப்பாக்கிக் கடைக்கு வந்தால் சிரிப்பு வராதா?

"என்ன ஆர்வின், வழி தப்பிட்டீங்களா? தீவனக் கடை அடுத்த தெருவுல இருக்கு."

"துப்பாக்கி வேணும்மா ட்ரூடி. கார்பைன்னு சொல்றாங்களே, குட்டைக் குழலோட, கைக்கு லேசா. அது."

"எதுக்கு?"

"கொயோட்டி நரி வருது. கன்னுக்குட்டியத் தூக்கிட்டுப் போகுது."

என் சிரிப்பு அப்படியே காய்ந்துபோனது. மூன்று வாரத்துக்கு முன்னால்தான் அவர் விற்றுவிட்ட மாடுகளையெல்லாம் லாரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். கன்றுகளை ஏற்றிய கடைசி லாரி என் கடை வாசல் வழியாகத்தான் போனது. நான் ஜன்னலில் நின்று பார்த்தேன். அவரிடம் இப்போது ஒரு கன்றுக்குட்டியும் கிடையாது. எந்த நரி எதைத் தூக்கும்?

முதல்முறை துப்பாக்கி வாங்க வருகிறவர்கள் என் உயிரை எடுப்பார்கள். தோளில் இடிக்குமா, குழல் எவ்வளவு நீளம் இருக்கணும், தூரக் கண்ணாடி வைக்கலாமா, பெண்டாட்டிக்கு என்ன பொய் சொல்லலாம் என்று கேள்வி மேல் கேள்வி. ஆர்வின் எதுவும் கேட்கவில்லை. நான் எடுத்து வைத்ததில் முதலாவதைத் தொட்டு, "இதுவே போதும்" என்றார்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் இதேபோல ஒன்றும் கேட்காமல் வாங்கிக்கொண்டு போனார் ஒருவர். பெயர் வேண்டாம். வெள்ளிக்கிழமை நான் விற்றேன். ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் அவருடைய ஆத்துமாவுக்காக ஜெபித்தார்கள். அந்த ஆள் மேசையில் வைத்துவிட்டுப் போன பேனாவை நான் இன்னும் தூக்கிப்போடவில்லை.

முடியாது என்று சொல்லலாம். சொன்னால் நெடுஞ்சாலையோரம் இருபது நிமிஷத்தில் இன்னொரு கடை இருக்கிறது. அங்கே இருப்பவருக்கு ஆர்வினையும் தெரியாது, அவர் மாடுகளையும் தெரியாது. அதனால் வாயில் வந்த பொய்யைச் சொன்னேன்.

"இதெல்லாம் ஊர்ல இருக்கிற சோம்பேறிங்க வாங்குறது ஆர்வின். ட்ராக்டர் இஞ்சினைக் கழட்டிப் பிரிச்சுக் கோக்கிற ஆளு நீங்க. தனித்தனி பாகமா வரவழைச்சு நீங்களே கோத்துருங்க. என் பட்டறை மேசையில உட்கார்ந்து பண்ணலாம்."

"எத்தனை நாளாகும்" என்றுகூடக் கேட்கவில்லை. தன் கைகளைப் பார்த்துவிட்டு, "செவ்வாயும் வெள்ளியும் வரேன். நாலரை மணிக்கு" என்றார்.

நாலரை என்றதும் எனக்குப் புரிந்தது. அது சாயந்திரக் கறவை நேரம். நாற்பத்தைந்து வருஷம் அந்த நேரத்துக்குத் தொழுவத்துக்குப் போன உடம்பு இப்போது எங்கே போகும்? எங்கள் மாடுகளை விற்ற அந்த வருஷம் என் வீட்டுக்காரர் நாலரை ஆனால் சமையலறைக்கும் வாசலுக்கும் நடந்துகொண்டே இருப்பார்.

அன்றே மினியாபொலிஸில் இருக்கும் அவர் மகள் ஜோலீனைக் கூப்பிட்டேன்.

"தினமும் பேசுறேன் ட்ரூடி. நல்லா இருக்கேன்னுதான் சொல்றாரு."

"எங்க ஊர்ல செத்துப்போனவன்கூட நல்லா இருக்கேன்னுதான் சொல்லுவான். கிளம்பி வந்து பாரு."

வந்தாள். இரண்டு நாள் இருந்தாள். அந்த இரண்டு நாளும் ஆர்வின் சவரம் செய்துகொண்டு, முட்டை பொரித்துக் கொடுத்து, அவளைச் சிரிக்க வைத்து அனுப்பிவிட்டார்.

எண் பொறித்த உடல் பாகம் ஒன்றுதான் சட்டப்படி துப்பாக்கி. மற்றதெல்லாம் வெறும் சாமான். அந்த உடலை நான் மேசைப் பிடியில் இறுக்கி வைத்தேன், கடையை விட்டு வெளியே போக விடவில்லை. பாகங்களை ஒவ்வொன்றாகத்தான் வரவழைத்தேன், அதையும் தாமதமாக. கைப்பிடி கறுப்பில் கேட்டேன், பழுப்பில் வந்துவிட்டது என்று திருப்பி அனுப்பினேன். குழல் வந்து எட்டு நாள் என் மேசைக்கடியில் கிடந்தது. வரவில்லை என்றேன். இவ்வளவு பொய்யை என் வீட்டுக்காரரிடம்கூடச் சொன்னதில்லை.

அவர் வருவார். தொப்பியைக் கழற்றி வைப்பார். நான் காப்பி ஊற்றுவேன், சீஸ் துண்டு வைப்பேன். அவர் பேசாமல் வேலை செய்வார். ஒருநாள் கடுகளவு ஸ்பிரிங் ஒன்று அவர் விரலிலிருந்து எகிறிப் பறந்தது. கார்பைன் கோக்கிற புதியவர் எல்லாருக்கும் இது நடக்கும். இரண்டு பேரும் காந்தத்தை வைத்துக்கொண்டு தரையில் தவழ்ந்தோம். மேசைக்கடியில் இரண்டு பேர் தலையும் முட்டிக்கொண்டது. ஆர்வின் சிரித்தார். மூன்று மாதத்தில் நான் பார்த்த ஒரே சிரிப்பு. அந்தச் சிரிப்புக்கு நடுவில் என் ஷூ ஓரத்தில் ஸ்பிரிங் மினுங்கியது. காலால் மூடி, பிறகு எடுத்து, கால்சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டேன்.

"போயிருச்சு. புதுசுக்கு எழுதிப் போடணும்" என்றேன்.

புதிதாக வந்ததையும் ஒளித்தேன். அதற்கடுத்தது அளவு தப்பு என்றேன். எனக்கே அசிங்கமாக இருந்தது. ஒரே ஒரு வார்த்தை நேராகக் கேட்டிருக்கலாம். எங்கள் ஊர்க்காரர்களுக்கு அது வராது. மழையைப் பற்றிப் பேசுவோம், மக்காச்சோளத்தைப் பற்றிப் பேசுவோம், பக்கத்து வீட்டுக்காரன் முழுகிக்கொண்டிருந்தாலும் அவன் மானத்தைக் காப்பாற்றுவதாக நினைத்து முகத்தைத் திருப்பிக்கொள்வோம். மகளைக் கிளம்பி வரச் சொன்ன நானும் அந்தக் கோழைகளில் ஒருத்திதான்.

வேட்டை வாரம் வந்தது. கடையில் தோட்டா வாங்க ஒரே கூட்டம். நாற்பது மாடு வைத்திருக்கும் டுவேன் நார்ட்பி முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு வந்தான்.

"சனிக்கிழமை கறக்க ஆள் கிடைக்கல ட்ரூடி. இந்த வருஷம் காட்டுக்குப் போகலன்னு வச்சுக்க."

"ஏன், ஆர்வின் இல்லையா?"

"உனக்கென்ன பைத்தியமா? மாட்டையெல்லாம் வித்துட்டு உட்கார்ந்திருக்கிற மனுஷன்கிட்ட என் மாட்டக் கறந்து குடுன்னு எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுக் கேக்குறது? மூணு வாரமா அவர் வீட்டு வாசல்ல வண்டிய மெதுவா ஓட்டிட்டு, அப்படியே திரும்பிடுறேன்."

அது செவ்வாய்க்கிழமை. கடிகாரம் நாலரை ஆனது. நாலே முக்கால் ஆனது. ஆர்வின் வரவில்லை.

போன் அடித்தேன். எடுக்கவில்லை. ஆறு பேர் வரிசையில் நிற்க, "எல்லாரும் வெளிய போங்க, கடை சாத்துறேன்" என்றேன். டுவேன் என்னவோ கேட்டான். நான் வண்டிச் சாவியைத் தேடிக்கொண்டிருந்தேன். நாலு மைல் தூரத்தை எப்படி ஓட்டினேன் என்று தெரியவில்லை. தேவனே, தேவனே என்று அரற்றிக்கொண்டே போனேன்.

வண்டியை நிறுத்தியதும் சத்தம் கேட்டது. தொழுவத்தில் கறவை இயந்திரத்தின் பம்பு ஓடிக்கொண்டிருந்தது. விளக்குகளெல்லாம் எரிந்தன. ரேடியோ பாடிக்கொண்டிருந்தது. உள்ளே ஐம்பத்திரண்டு இடமும் காலி. கழுவித் துடைத்த தரை, பலகைகளில் மாடுகளின் பெயர்கள். நடுவில் கவிழ்த்த வாளியின் மேல் ஆர்வின் உட்கார்ந்திருந்தார். கையில் ஒன்றும் இல்லை. அதைப் பார்த்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

"இன்னைக்குக் கடைக்கு வரலையே?" என்றேன்.

"காலையில நெடுஞ்சாலைக் கடைக்குப் போனேன்." அவர் என்னைப் பார்க்கவில்லை. "கோத்தே வச்சிருக்கான். எதுக்குன்னான். நரிக்குன்னேன். நல்லதுன்னான். அவ்வளவுதான். படிவத்துல கையெழுத்துப் போடப் பேனா குடுத்தான். போட முடியல. கண்ணாடிய வண்டியில விட்டுட்டேன், எடுத்துட்டு வரேன்னு சொல்லிட்டு வந்துட்டேன். அஞ்சரை வரைக்கும் எனக்குன்னு எடுத்து வச்சிருக்கிறானாம்."

சுவர்க் கடிகாரத்தில் ஐந்து அடித்துப் பத்து நிமிஷம் ஆகியிருந்தது. அவர் மடியில் வண்டிச் சாவி கிடந்தது.

தரையில் அவருக்கெதிரே உட்கார்ந்தேன். முதல் நாளே கேட்டிருக்க வேண்டியதைக் கேட்டேன்.

"ஆர்வின், சாகலாம்னு நினைக்கிறீங்களா?"

பம்பு ஓடிக்கொண்டே இருந்தது.

"ஆமாம்மா" என்றார்.

அழக் கூடாது என்று நினைத்தேன். அழுதேன். அவர் கைக்குட்டையை எடுத்து என்னிடம் நீட்டினார்.

"கன்னுக்குட்டி இல்லன்னு உனக்கு அன்னைக்கே தெரியுமில்ல?"

"தெரியும்."

"அந்த ஸ்பிரிங்கு உன் பையிலதான இருக்கு? நீ ஷூவால மூடுனப்பவே பார்த்துட்டேன்."

"பார்த்துட்டும் ஏன் வந்தீங்க? அதுக்கப்புறம் அஞ்சு வாரமா இல்லாத ஒண்ணுக்காக வந்து வந்து போனீங்களே?"

"நாலரை மணிக்குப் போறதுக்கு வேற இடம் இல்லம்மா."

சாவியை எடுத்து என் பைக்குள், அந்த ஸ்பிரிங்குகளோடு போட்டேன். அவர் தடுக்கவில்லை. "ஜோலீனைக் கூப்பிடப் போறேன். நாளைக்கு டாக்டர்கிட்ட நானே கூட்டிட்டுப் போறேன். இந்தத் தடவை சவரம் பண்ணி முட்டை பொரிக்கிற வேலையெல்லாம் நடக்காது" என்றேன். தலையாட்டினார். அவள் போனை எடுத்தாள். அவரே வாங்கி, "நான் நல்லா இல்ல கண்ணு" என்றார். அந்தப் பக்கம் அவள் அழுவது எனக்கே கேட்டது. உடனே கிளம்புகிறாள், வந்து சேர மூன்று மணி நேரமாவது ஆகும்.

ஐந்தரை ஆனது. கடந்தது. இரண்டு பேரும் கடிகாரத்தைப் பார்த்தோம். இன்று தப்பியது. நாளைக்கு நாலரை மணி மறுபடியும் வரும். அப்போதுதான் டுவேனின் தொங்கிப்போன முகம் நினைவுக்கு வந்தது.

"டுவேனுக்கு சனிக்கிழமை கறக்க ஆள் இல்ல" என்றேன்.

ஆர்வின் நிமிர்ந்தார். கண் சிவந்திருந்தது. "பரிதாபப்பட்டு எனக்கு வேலை குடுக்கிறீங்களா?"

"பரிதாபப்பட்டதாலதான் மூணு வாரமா ஒருத்தனும் கேக்கல. உங்க மனசு நோகுமாம். வாசல் வரைக்கும் வந்துட்டு வந்துட்டுத் திரும்பிப் போறான் அந்த முட்டாள்."

"அவன் வண்டியப் பார்த்தேன்" என்றார் மெதுவாக. "என்கிட்ட ஏதாவது வாங்கத்தான் வரானோன்னு நினைச்சேன். கடைசியா மிச்சமிருக்கிற தீவனத்தையோ, குழாயையோ."

 பிறகு எழுந்து போய்ப் பம்பை நிறுத்தினார். ரேடியோவையும் நிறுத்தினார். அந்தத் தொழுவத்தில் அவ்வளவு அமைதியை நான் கேட்டதேயில்லை. சுவிட்சின் மேல் வைத்த கையை எடுக்காமல், முதுகைக் காட்டியபடியே நின்றார். இந்த மூன்று மாதத்தில் அந்த மனிதர் என் கடையில் ஒரு கேள்வியும் கேட்டதில்லை.

"எத்தனை மாடு?" என்று கேட்டார்.

"நாப்பது."

"உதைக்கிறது எது?"