வாயை மறைத்த கை

காலையில் பாணை (பேக்கரி ரொட்டி) கடித்தேன். பாண் கையோடு வந்தது. என் முன்பல்லும் அதோடு வந்தது. வலிக்கவே இல்லை. பல்லுக்காக அழுவதா, பாணைத் தின்று முடிப்பதா என்று தெரியாமல் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். அப்போது எனக்கு ஐம்பத்திரண்டு வயது.

சீனி வியாதியும் ஈறு நோயும் (பல்லைத் தாங்கும் ஈறும் எலும்பும் கரைந்துபோவது) கூட்டுச் சேர்ந்தால் பற்கள் நிற்காது என்றார்கள். மிச்சமிருந்தவற்றையும் பிடுங்க வேண்டியதாயிற்று. பிறகு ஒரு பல் வைத்தியரிடம் முழுப் பற்கட்டு (மேலும் கீழும் எல்லாப் பல்லும் செயற்கையாகச் செய்தது) கட்டிக்கொண்டேன். கண்ணாடியில் அழகாகத்தான் இருந்தது. வாயைத் திறந்தால் கீழ்க்கட்டு எழும்பும், மேற்கட்டு இறங்கும். பேசும்போது கையால் வாயைப் பொத்திக்கொள்ளப் பழகினேன்.

பற்கட்டு வைத்திருக்கும் உங்களில் பலருக்கும் இந்தப் பழக்கம் இருக்கும். எங்கள் நாட்டில் போர் நடந்த அந்த வருடங்களில் அது ஆபத்தான பழக்கம்.

எங்கள் ஊர் உக்குவளையிலிருந்து மாதம் ஒருமுறை கண்டிக்கு சீனி கிளினிக்குக்குப் போவேன். வழியில் சோதனைச் சாவடி. எல்லாரும் பஸ்ஸிலிருந்து இறங்கி வரிசையில் நடக்க வேண்டும். ஒருநாள் சிப்பாய் என் கையிலிருந்த அடையாள அட்டையைப் பார்த்துவிட்டுப் பெயரைக் கேட்டார். பையைத் தரையில் வைத்துவிட்டு, வாயைப் பொத்திக்கொண்டு சொன்னேன். "அத கன்ன!" என்று சத்தம் போட்டார். சிங்களத்தில் கையை எடு என்று அர்த்தம். எடுத்தேன். "லூர்..." என்று பெயரைத் தொடங்கியதுமே மேற்கட்டு விழுந்தது.

அட்டைப் படத்தில் கன்னம் நிறைந்திருந்தது. எதிரே நின்ற முகமோ ஒட்டிப்போயிருந்தது. என்னை ஓரமாக நிறுத்தினார்கள். பஸ் போய்விட்டது. விட்டபோது ஒரு மணி நேரத்துக்கு மேலாகியிருந்தது. தன் பெயரைச் சொல்ல முடியாத தமிழ்ப் பெண்ணுக்கு அன்றைக்கு எதுவும் நடந்திருக்கலாம். அதற்குப் பிறகு கிளினிக்குக்குப் போவதையே விட்டேன். சீனி ஏறியது, கால் மரத்தது.

என் வீட்டுக்காரர் அந்தோனி ஒருநாள் கத்தினார். "பல்லுக்கு வெக்கப்பட்டு சாகப் போறியா? கெளம்பு, பெரிய பல்லாஸ்பத்திரியில காட்டுவோம். வழியில நான் பேசிக்கிறேன்."

அங்கே இருந்த டொக்டர் யாழ்ப்பாணத்துப் பெண். "கடியுங்கோ அம்மா, பாப்பம்" என்றார். நான் நல்ல நோயாளி. முழுப் பலத்தோடு கீழ்த்தாடையை முன்னுக்குத் தள்ளிக் கடித்துக் காட்டினேன். அவர் சிரித்துவிட்டார். பல்லில்லாதவர்கள் பலர் இப்படித்தான் தள்ளிக் கடிப்பார்களாம். முந்திய வைத்தியரிடமும் இதே மரியாதையோடு தவறான அளவைக் கொடுத்திருக்கிறேன்! அந்த மனிதரை எத்தனை நாள் திட்டியிருப்பேன்.

அப்போதுதான் அங்கே ஒரு புதுக் கருவி வந்திருந்தது. ஈறின் அச்சில் செய்த தற்காலிகத் தட்டுகளை வாயில் வைத்து, கீழ்த்தட்டில் ஓர் உணரியையும் (அசைவைக் கணினிக்குச் சொல்லும் சின்னப் பொருள்) தலையில் ஒரு சட்டத்தையும் மாட்டினார்கள். தாடை போய் வரும் பாதை திரையில் கோடாக விழும். அதைப் பார்த்துத்தான் பற்களை அடுக்குவார்கள்.

என் கோடு ஒவ்வொரு தடவையும் ஒவ்வோர் இடத்தில் போய் முடிந்தது. "இறுக்காதேங்கோ, சும்மா விடுங்கோ" என்றார் டொக்டர். சும்மா விடத்தான் எனக்குத் தெரியவில்லை. தலையில் மாட்டியதை நினைத்துப் பயந்து ஜெபமாலையை முணுமுணுக்கத் தொடங்கினேன். எங்கள் வீட்டில் தினமும் விளக்கு வைத்ததும் சொல்வது. வாய் தன்பாட்டில் அசையும்.

"என்ன சொல்லுறீங்கள்?"

"ஜெபங்க டொக்டர். மன்னிச்சுக்கங்க, நிப்பாட்டிடுறேன்."

"ஐயோ, நிப்பாட்டாதேங்கோ! இஞ்ச பாருங்கோ."

ஒவ்வொரு மந்திரமும் முடிந்து எச்சிலை விழுங்கி வாயை மூடும்போது, கோடு ஒரே இடத்தில் வந்து நின்றது. ஜெபமாலையில் ஒரு சுற்றான பத்து மந்திரமும் முடியும்வரை சத்தமாகவே சொன்னேன். நெற்றியில் திருநீறு பூசியிருந்த டொக்டர் கடைசி ஆமெனை என்னோடு சேர்ந்து சொன்னார். இன்றும் ஜெபமாலையில் ஒரு பத்து அவருக்குத்தான். அந்த நன்றி எனக்குத் தீராது.

புதிய கட்டு வந்த அன்றே எல்லாம் சரியாகிவிடவில்லை. ஈறில் புண் வந்தது. இரண்டு தடவை போய்த் தேய்த்துச் சரிசெய்துகொண்டேன். முதலில் குழைந்த சோறு, பிறகு ரொட்டி. உங்களுக்கும் இப்படித்தான் இருக்கும். கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

பிறகு ஒருநாள் கிளினிக்குக்குத் தனியாகப் புறப்பட்டேன். அதே சாவடி. சிப்பாய் பெயரைக் கேட்டார், சொன்னேன். ஊரைக் கேட்டார், சொன்னேன். போகச் சொன்னார். ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது.

பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் கவனித்தேன். பையை நான் தரையில் வைக்கவே இல்லை. ஒரு கையில் பை, மற்றக் கையில் அடையாள அட்டை. வாயைப் பொத்த எனக்குக் கையே இருக்கவில்லை. நான் அதைத் தேடவும் இல்லை.