வீட்டுக் கதவு நசுக்கியதாகச் சொன்ன விரல்கள்

அட்டைப்பெட்டித் தொழிற்சாலையில் சத்தத்துக்குப் பயப்படுகிறவர் யாரும் இல்லை. சத்தம் நின்றால்தான் பயம். அன்று காலை, தேநீர் இடைவேளைக்குச் சற்று முன்னால், அட்டை வெட்டும் பெரிய பிரஸ் பாதி ஓட்டத்தில் நின்றது. எழுத்தக்கா பேனாவைக்கூட மூடவில்லை. மருந்துப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடினாள்.

எழுத்தக்கா என்பது தொழிலாளிகள் அவளுக்கு வைத்த பெயர். முதலுதவி அறை அவள் பொறுப்பு. யாருக்கு எப்போது எந்த வேலையில் அடிபட்டது என்று குறித்துவைக்கும் விபத்துப் பதிவேடும் அவள் பொறுப்பு. சிராய்ப்பானாலும் சரி, சூடுபட்ட கொப்புளமானாலும் சரி, எழுதாமல் விடமாட்டாள். "கொட்டாவி விட்டு வாய் வலிச்சாலும் எழுதிடுவா" என்று சாப்பாட்டு அறையில் கேலி செய்வார்கள். அன்பான பெண் என்று அவளை யாரும் சொன்னதில்லை. காயத்தோடு வருகிறவனை முதலில் திட்டித் தீர்ப்பாள், பிறகுதான் பஞ்சை எடுப்பாள்.

அவளுடைய கணவர் அதே தொழிற்சாலையில் பிரஸ் பிரிவுக்கு ஃபோர்மேன். இருவரும் ஒரே ஸ்கூட்டரில் வருவார்கள். வாசலில் பிரிந்தால், சாயங்காலம் ஸ்கூட்டர் பக்கத்தில் வந்து நின்ற பிறகுதான் மறுபடி கணவன் மனைவி.

பிரஸ்ஸுக்குப் பக்கத்தில் தரையில் மைனா உட்கார்ந்திருந்தாள். ஓயாமல் பேசுவதால் அவளுக்கு அந்தப் பெயர். வலது கையை இடது கையால் பிடித்துக்கொண்டு, யாருடைய கையையோ பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டிருந்தாள். ஆள்காட்டி விரலும் நடுவிரலும் இல்லை.

எழுத்தக்கா அன்றைக்குத் திட்டவில்லை. கையை உயரத் தூக்கிப் பிடித்துக் கட்டுப் போட்டாள். வெட்டுப்பட்ட அட்டைகளுக்கு நடுவில் கிடந்த இரண்டு துண்டுகளையும் ஈரத்துணியில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் கட்டி, பனிக்கட்டி போட்ட டப்பாவுக்குள் வைத்தாள். அப்போதுதான் நிமிர்ந்து இயந்திரத்தைப் பார்த்தாள். பிரஸ்ஸுக்கு முன்னால் ஒரு கம்பிவலைக் கதவு உண்டு. அது திறந்திருந்தால் இயந்திரம் ஓடாது. ஆனால் கதவு விரியத் திறந்திருந்தது. கதவு மூடியிருப்பதாக இயந்திரத்தை ஏமாற்ற, அதன் சுவிட்சை அமுக்கிப் பிடித்தபடி ஒரு கம்பியை இறுகக் கட்டியிருந்தார்கள். மைனாவை வேனில் ஏற்றிவிட்டு அவள் திரும்பிவந்தபோது கம்பி அங்கே இல்லை. கணவர் பக்கத்தில் நின்றார். ஒரு கை கால்சட்டைப் பைக்குள் இருந்தது. அவள் பார்த்தாள். அவள் பார்ப்பதை அவரும் பார்த்தார்.

மேலாளர் கூப்பிட்டு அனுப்பினார். கெட்ட மனிதர் என்று சொல்ல முடியாது. யார் வீட்டில் துக்கம் என்றாலும் முதல் ஆளாகப் போய் நிற்பார். சட்டமும் அவருக்குத் தெரியும். உறுப்பு துண்டானால் அன்றைக்கே தொழிலாளர் ஆய்வாளருக்குத் தகவல் போக வேண்டும், ஆய்வாளர் வந்து பார்க்கும்வரை இயந்திரத்தைத் தொடக்கூடாது என்பதெல்லாம் அவளுக்கு முன்பே படித்தவர். ஆனால் மறுநாள் பெரிய வாடிக்கையாளரின் ஆட்கள் தொழிற்சாலையைச் சுற்றிப் பார்க்க வருவதாக இருந்தது. இந்த ஒப்பந்தம் போனால் பாதிப்பேர் வீட்டுக்குப் போக வேண்டியதுதான் என்றார். மைனாவைத் தெரிந்த ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் சேர்த்தாகிவிட்டது, முழுச் செலவும் கம்பெனியுடையது, அவளுக்கு வேலையும் நிரந்தரம், வீட்டு இரும்புக் கதவில் நசுங்கியது என்று சொல்ல அவளே ஒப்புக்கொண்டுவிட்டாள் என்று அடுக்கிக்கொண்டே போனார். கடைசியில் குரலைத் தாழ்த்தினார்.

"எழுதினா யார் பேரும்மா முதல்ல வரும்? உங்க வீட்டுக்காரர் பேருதான். நான் அவருக்காகவும்தான் சொல்றேன்."

இருதலைக் கொள்ளி எறும்பு என்பார்களே, அப்படித்தான் நின்றாள். பிறகு, அடிபட்டவளை ஒருமுறை பார்த்துவிட்டு வந்து எழுதுகிறேன் என்று மட்டும் சொல்லிவிட்டுக் கிளம்பினாள்.

அந்த ஆஸ்பத்திரி மருந்துக்கடைக்கு மேலே இரண்டு அறைகள், அவ்வளவுதான். மைனா கட்டிலில் சாய்ந்திருந்தாள். வாடகைக் கார் ஓட்டும் அவள் புருஷன் சுவரோரம் நின்றான். டாக்டர் காயத்தைத் தைத்து மூடத் தயாராகிக்கொண்டிருந்தார். பனிக்கட்டி டப்பா ஜன்னல் விளிம்பில் வெயிலில் இருந்தது. எழுத்தக்கா அதைச் சுட்டிக்காட்டினாள். விரலை ஒட்டவைக்க முடியாதா என்று டாக்டரிடம் கேட்டாள். இங்கே அதற்கு வசதி இல்லை, பெரிய ஆஸ்பத்திரியில் செய்வார்கள், ஆனால் இங்கேயே முடித்துவிடச் சொல்லித்தான் கொண்டுவந்தார்கள் என்றார் அவர். அவருடைய சீட்டில் இரும்புக் கதவு என்று எழுதியிருந்தது.

ஏன் இங்கே கொண்டுவந்தார்கள் என்பது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. பெரிய ஆஸ்பத்திரியில் எப்படி அடிபட்டது என்று குடைந்து குடைந்து கேட்பார்கள். வேலையிடத்து விபத்து என்றால் அவர்களே தகவல் சொல்லிவிடுவார்கள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாத இடம் அது. மறைப்பதற்காக, இன்னும் உயிர் மிச்சமிருக்கும் இரண்டு விரல்களை ஜன்னலில் வைத்துவிட்டார்கள்.

டப்பாவை எடுத்து மார்போடு அணைத்துக்கொண்டு மைனாவிடம் சொன்னாள். "எழுந்திரு. பெரிய ஆஸ்பத்திரிக்குப் போறோம்."

"வேணாம்க்கா." மைனா டப்பாவைப் பார்க்காமல் சொன்னாள். "அங்க கேப்பாங்க. வேலை நிரந்தரம்னு சார் சொல்லியிருக்காரு. நீங்க எதுவும் எழுதாதீங்க."

"எந்தக் கையால அந்த நிரந்தர வேலையைச் செய்வே?"

மைனா அழ ஆரம்பித்தாள். எழுத்தக்கா அவளை விட்டுவிட்டு அவள் புருஷனைப் பார்த்தாள். நேரம் போகப்போக விரல் செத்துக்கொண்டிருக்கிறது என்று சொன்னாள். மனைவியை அப்படியே தூக்கிக்கொண்டு படியிறங்கினான்.

சாலையெல்லாம் வண்டிகள் அடைத்துக்கொண்டு நின்றன. அவன் ஹாரனிலிருந்து கையை எடுக்கவே இல்லை. பின்னால் எழுத்தக்கா டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு, வழியில் ஒரு கடையில் பிடுங்காத குறையாக வாங்கிய பனிக்கட்டியை அதைச் சுற்றி அடுக்கினாள். பெரிய ஆஸ்பத்திரி வாசலில் இளம் டாக்டர் ஒருத்தி டப்பாவைத் திறந்து பார்த்துவிட்டு, நடந்துகொண்டே, எப்படி அடிபட்டது என்று கேட்டாள். மைனா கண்ணை மூடிக்கொண்டாள். புருஷன் தரையைப் பார்த்தான்.

"பிரஸ்ல," என்றாள் எழுத்தக்கா. "அட்டை வெட்டுற பிரஸ். அதுக்கு முன்னால இருக்கிற கம்பிவலைக் கதவு திறந்திருந்துச்சு. நான் அந்தக் கம்பெனியிலதான் வேலை பாக்குறேன்."

சொன்னது சொன்னதுதான். இனி அள்ள முடியாது.

அவள் திரும்பியபோது தொழிற்சாலை முழுச் சத்தத்தோடு இருந்தது. பிரஸ்ஸைக் கழுவித் துடைத்து ஓட்டிக்கொண்டிருந்தார்கள். மைனா நின்ற இடத்தில் வேறொரு பெண். கதவு திறந்தேதான் இருந்தது. சுவிட்சில் புதுக் கம்பி. அதுவரை அவளுக்கு இருந்தது பயம். அதைப் பார்த்த பிறகு வந்தது வேறு. நேராகப் போய்ச் சிவப்புப் பொத்தானை அமுக்கினாள். இயந்திரம் நின்றது. எல்லா முகங்களும் திரும்பின.

ஃபோர்மேன் ஓடிவந்து அவள் முழங்கையைப் பிடித்து அட்டைக் கட்டுகளுக்குப் பின்னால் இழுத்துப் போனார். பல்லைக் கடித்துக்கொண்டு பேசினார். நானாகக் கட்டவில்லை, கட்டச் சொன்னார்கள், எண்ணிக்கை குறைகிறது என்று தினமும் என் உயிரை எடுக்கிறார்கள், மகள் இன்னும் படித்துக்கொண்டிருக்கிறாள், உனக்கு என்ன கேடு என்றார். அவள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள்.

"ஏங்க, நான் பாத்ததை எழுதப் போறேன். உங்க பேரும் வரும். அதை நீங்களே முதல்ல சொன்னா ஒரு மாதிரி. நான் எழுதித்தான் தெரியணும்னா வேற மாதிரி. அதை நீங்கதான் முடிவு பண்ணணும்."

அவர் கையை விட்டார். அவள் தன் அறைக்குப் போய் எழுதினாள். பதிவேட்டை மேலாளர் முன்னால் வைத்தபோது அவர் கையெழுத்துப் போட மறுத்தார். வெளியே போகச் சொன்னார், பிறகு உட்காரச் சொன்னார், பிறகு தலையைப் பிடித்துக்கொண்டார். அவர் மேசையிலிருந்த தொலைபேசியிலேயே ஆய்வாளர் அலுவலகத்துக்குத் தகவல் சொன்னாள். அவர் தடுக்கவில்லை. தடுக்க அவருக்கு வழியும் இல்லை. ஆஸ்பத்திரியிலிருந்து முன்பே சொல்லிவிட்டார்களாம்.

ஷிஃப்ட் முடிவதற்குள் ஆய்வாளர் வந்துவிட்டார். மெல்லிய குரலில் பேசும் நடுவயதுப் பெண். பிரஸ்ஸைச் சுற்றி வந்து, சுவிட்சைத் தொடாமல் குனிந்து பார்த்து, இதைக் கட்டியது யார் என்று கேட்டாள். மேலாளர், தொழிலாளிகள் சில நேரம் தாங்களாகவே கட்டிவிடுவார்கள் என்றார். அந்தப் புதுப் பெண்ணின் முகம் வெளுத்தது. எழுத்தக்கா வாயைத் திறக்கப் போனாள். அதற்குள் பின்னாலிருந்து கணவரின் குரல் வந்தது.

"நான்தாங்க கட்டினேன். காலையில இருந்ததும் நான் கட்டினதுதான். சார் கட்டச் சொன்னாரு, நான் கட்டினேன். அந்தப் பொண்ணுங்க யாரும் கட்டல."

அவர் யாரையும் பார்க்காமல் சொன்னார்.

பிரஸ்ஸுக்கு முத்திரை வைத்தார்கள். வழக்கு நடந்து கம்பெனி அபராதம் கட்டியது. மேலாளர் வேறு ஊர்க் கிளைக்குப் போனார். வாடிக்கையாளர் ஓடிப்போய்விடவில்லை, ஆனால் கதவைச் சரிசெய்த பிறகுதான் அவர் ஆட்கள் வந்தார்கள். ஃபோர்மேன் வேலை இழந்தார். அலைந்து திரிந்து, கடைசியில் இரும்பு கடையும் ஒரு கடைசல் பட்டறையில் சாதாரண ஆளாகச் சேர்ந்தார். எழுத்தக்காவை யாரும் நீக்கவில்லை. ஆய்வாளரின் கண் இருக்கும்போது நீக்க முடியாது என்று தெரிந்ததால் நீக்கவில்லை, அவ்வளவுதான்.

மைனாவுக்கு நடுவிரல் ஒட்டிக்கொண்டது, மடக்க வராது. ஆள்காட்டி விரல் போனது போனதுதான். இழப்பீடு கிடைத்து, பெட்டிகளைச் சரிபார்க்கும் பிரிவில் வேலைக்குத் திரும்பினாள். எல்லோரிடமும் வாய் ஓயாமல் பேசினாள், எழுத்தக்காவிடம் மட்டும் பேசவில்லை. ஒருநாள் கை கழுவும் இடத்தில் தானாகவே சொன்னாள். "விரலைக் காப்பாத்துனீங்க, சரி. ஆனா நான் வேணாம்னு சொன்னதை நீங்க காதுல போட்டுக்கலக்கா."

வீட்டில் கணவரும் தேவைக்கு மேல் ஒரு வார்த்தை பேசாமல்தான் இருந்தார். மழை பெய்த ஒரு சாயங்காலம், ஒரு கண் சிவந்து வீங்கி வந்து சேர்ந்தார். சாப்பிட உட்கார்ந்து, தட்டைப் பார்த்துக்கொண்டே தானாகச் சொன்னார். கடைசல் பிடிக்கையில் கண்ணில் இரும்புத்தூள் விழுந்துவிட்டதாம். கழுவிவிட்டு வந்து வேலையைப் பார் என்றாராம் பட்டறைக்காரர். முதலில் எழுதுங்கள், எழுதினால்தான் நகர்வேன் என்று இவர் நின்றுவிட்டாராம். பட்டறையே சிரித்ததாம். கடைசியில் எழுதினார்களாம்.

எழுத்தக்கா கரண்டியைக் கீழே வைத்தாள்.

"எழுதினது இருக்கட்டும். கண்ணை முதல்ல கழுவினீங்களா, இல்லையா?"