பொட்டு வைத்த கிரைண்டர்

இதை எழுத எத்தனையோ வருஷம் தயங்கினேன். என் அம்மாவைப் பற்றியது. என் பாவமும் இதில் இருக்கிறது.

இந்த ஆயுத பூஜைக்கு மகன் தாம்பரம் போய் மருமகளுக்குப் புது கிரைண்டர் வாங்கி வந்தான். பெட்டியில் தலை நிறைய மல்லிகையோடு ஒரு பெண் சிரித்துக்கொண்டிருந்தாள். அதே சிரிப்பை என் பத்து வயதில், எங்கள் முடிச்சூர் வீட்டு டிவியில் பார்த்திருக்கிறேன்.

அதற்கு முன்பெல்லாம் ஆட்டுக்கல்லை அப்பா சுற்றுவார், அம்மா மாவைத் தள்ளிக் கொடுப்பாள். வாரம் ஒருநாள்தான் இட்லி. விளம்பரம் பார்த்து மிஷின் வாங்கியதும் அப்பா கையை எடுத்துக்கொண்டார். இட்லி தினமும் என்றானது.

அந்த வருஷம் ஆயுத பூஜையன்று அம்மா கிரைண்டருக்கும் சந்தனம், குங்குமம் வைத்தாள். பொட்டு வைத்த ஆயுதத்தை அன்று முழுக்க ஓட்டக் கூடாது என்பது வழக்கம். திருமுடிவாக்கம் பட்டறையில் அப்பா ஓட்டும், இரும்பு கடையும் லேத் மிஷினும் ஓய்ந்திருந்தது.

"வடைக்கு அரைக்கலியா?" என்றார் அப்பா.

"உங்க மிஷினுக்கு லீவு வுட்டீங்களே. இதுக்குக் கெடையாதா?"

"பட்டனத் தட்றது ஒரு வேலையா? டிவில அந்தப் பொம்பள எப்டி சிரிச்சிகினு செய்யுது, பாரு."

நானும் சேர்ந்துகொண்டேன். "அதுமாதிரி நீயும் சிரிம்மா."

அம்மா அப்பாவைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தாள். பிறகு முந்தானையால் குங்குமத்தைத் துடைத்துவிட்டு, பட்டனைத் தட்டினாள்.

இன்று மருமகளின் கிரைண்டருக்கு நானே பொட்டு வைத்தேன். மகன் வடை கேட்டான். கடையில் வாங்கி வரச் சொன்னேன். அதனால் மட்டும் அம்பாள் என் பழைய பாவத்தை மன்னித்துவிட மாட்டாள்.

இதை யாரிடமாவது சொன்னால் உள்ளபடியே சொல்லுங்கள். கடைசியில் அம்மா சிரித்தாள் என்று மட்டும் சேர்த்துவிடாதீர்கள்.